மகளிர் குழுக் கூட்டம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் முழுசாக வாங்க வேண்டும். பாதிக் காசு போட்டால் பாதிப் பலனாவது வரும் என்று நினைத்து இறங்கினால் பலனும் வராது, போட்ட பாதியும் போய்விடும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், பிரசவத்தில் தாயும் பிறந்த குழந்தையும் சாகாமல் இருக்க, ஊர்ப் பெண்களை மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூட்டிப் பேசவைக்கும் அந்தச் சேவை. இதில் மருந்து கிடையாது, ஊசி கிடையாது, கருவி கிடையாது. கூட்டம் நடத்த ஒரு பெண், அவர் கையில் கொஞ்சம் பட அட்டைகள், உட்கார நிழலுள்ள ஓர் இடம். அவ்வளவுதான். இதற்குப் போய் யாராவது பணம் கொடுப்பார்களா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இப்படி ஒரு திட்டத்தில் மூன்று வருடம் நான் செலவுக் கணக்கு எழுதினேன். முதல் ஆறு மாதம், பயணப்படி ரசீதுகளையும் பட அட்டை அச்சடித்த பில்லையும் கோப்பில் சேர்க்கும்போதெல்லாம், இந்தப் பணத்துக்கு இன்னொரு செவிலியரைப் போட்டிருக்கலாமே என்றுதான் மனசில் ஓடும். ஒரு நாள் மேற்பார்வையாளரோடு கூடப் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் எண்ணம் மாறியது. அப்புறம் உலகத்தில் வேறு எங்கெல்லாம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை உயிர் தப்பியது என்று தேடித் தேடிப் படித்தேன்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதை ஏதோ சுகாதாரப் பிரசங்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரசங்கமே கிடையாது. நடத்தும் பெண் ஒரு கதை சொல்வார், பெயர் மாற்றி, ஆனால் எல்லா ஊரிலும் நடந்திருக்கக்கூடிய கதை. ஒரு குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்துபோனது. ஏன் இறந்தது? உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. ஏன் சில்லிட்டது? பிறந்ததும் துடைக்காமல், எதையும் போர்த்தாமல் தரையில் கிடத்தியிருந்தார்கள். ஏன் அப்படி விட்டார்கள்? எல்லாரும் தாயைச் சுற்றி நின்றார்கள், நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை? வண்டி இல்லை, இருந்த வண்டிக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை, முடிவு சொல்ல வேண்டியவர் வெளியே போயிருந்தார். இப்படி ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கூட்டத்தில் இருக்கும் யாராவது ஒருவர், என் குழந்தைக்கும் இதுதான் நடந்தது என்று சொல்வார். நான் உட்கார்ந்திருந்த அன்று அப்படித்தான் ஒரு அம்மா பேசினார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்தவர், அடுத்த தடவை வண்டிக்கு நாம் எல்லாரும் சேர்ந்து பணம் எடுத்துவைத்தால் என்ன என்று கேட்டார். வேலை நடக்கும் இடம் அதுதான்.

முறைப்படி சொன்னால் நான்கு கட்டம். முதலில் எந்தெந்தப் பிரச்சினை இருக்கிறது, அதில் எது முக்கியம் என்று அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று திட்டமிட்டு ஊரில் மற்றவர்களையும், ஆண்களையும் பெரியவர்களையும் சேர்த்து, ஒரு பெரிய கூட்டம் போட்டுச் சொல்வார்கள். மூன்றாவது, செய்து பார்ப்பது. அவசரத்துக்கு ஒரு சேமிப்பு, தூக்கிக்கொண்டு போக ஸ்ட்ரெச்சர், சுத்தமான பிளேடும் நூலும் சோப்பும் அடங்கிய பிரசவப் பை, கர்ப்பிணி வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது, இப்படி. நான்காவது, செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது. ஒரு சுற்று முடிய ஒரு வருடத்துக்குக் குறையாது, சில இடங்களில் இரண்டு வருடம்கூட ஆகும். இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பேச்சுக்கு இது வேண்டும்.

சரி, பலன் என்ன?

இதன் தொடக்கம் பொலிவியாவில். 1990களின் ஆரம்பத்தில் இன்கிசிவி மாகாணத்தில் வார்மி என்ற திட்டம் நடந்தது. வார்மி என்றால் அங்குள்ள மொழியில் பெண். பிறப்பையொட்டிய இறப்பு, அதாவது இறந்தே பிறப்பதும் பிறந்த முதல் வாரத்துக்குள் இறப்பதும், ஆயிரத்துக்கு 117 ஆக இருந்தது 44 ஆகக் குறைந்தது என்று கணக்கு சொல்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, குழு நடக்காத பகுதி என்று ஒன்றை அங்கே வைக்கவில்லை என்பதால் இதை மட்டும் வைத்து நான் யாரையும் காசு போடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்துத்தான் நேபாளத்தில் மக்வான்பூர் மாவட்டத்தில் முறையாகச் சோதனை செய்தார்கள். 24 கிராமப் பகுதிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடிக்கு ஒன்றில் மட்டும் குழு, மற்றதில் இல்லை. சுகாதார நிலையங்களை மேம்படுத்தும் வேலை இரண்டு பக்கமும் நடந்தது, அதனால் வித்தியாசம் வந்தால் அது குழுவால் வந்தது என்று நம்பலாம். 2004இல் முடிவு வெளியானது. பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள், குழு இல்லாத பக்கம் ஆயிரத்துக்கு 36.9, குழு நடந்த பக்கம் 26.2. சுமார் 30 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் புதிதாகக் கர்ப்பமானவர்களில் 37 சதவீதம் பேர்தான் குழுவுக்கே வந்திருந்தார்கள். வராதவர்களுக்கும் பலன் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஏனென்றால் ஸ்ட்ரெச்சரும் அவசர நிதியும் வந்தவர்களுக்கு மட்டும் என்று யாரும் பூட்டிவைக்க மாட்டார்கள், கேட்டுவிட்டுப் போன மாமியார் வீட்டில் சும்மா இருக்கவும் மாட்டார்.

தாய்மார் இறப்பிலும் பெரிய வித்தியாசம் வந்தது, ஒரு பக்கம் 11 பேர், மறுபக்கம் 2 பேர். இந்த எண்ணைப் பலர் உற்சாகமாக எடுத்துப் போடுகிறார்கள். நான் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்வேன், எண்ணிக்கை சின்னது, அந்தச் சோதனை தாய்மார் இறப்பை அளக்க வடிவமைத்ததும் இல்லை.

இனி விலை. மக்வான்பூர் கணக்கு 2005இல் தனியாக வெளியானது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது, ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருப்பார்கள். 86,704 பேர் வாழும் பகுதிக்கு, தலைக்கு வருடத்துக்கு 0.75 அமெரிக்க டாலர். நிலையங்களை மேம்படுத்திய செலவையும் சேர்த்தால் 0.90. பெருக்கிப் பாருங்கள், 75 சென்ட் வீதம் மொத்தம் வருடத்துக்கு ஏறக்குறைய 65,000 டாலர். மீட்ட ஒவ்வொரு வாழ்வாண்டுக்கும், அதாவது தப்பிய உயிர் கூடுதலாக வாழும் ஒவ்வொரு வருடத்துக்கும், 211 டாலர், மேம்பாட்டுச் செலவோடு 251. ஆரம்பத்தில் ஒருமுறை மட்டும் ஆகும் செலவையும் வெளியிலிருந்து வரும் நிபுணர்களின் செலவையும் குறைத்து விரிவாக்கினால் அது 138 டாலருக்கு இறங்கும் என்றும் கணக்கிட்டிருந்தார்கள்.

வாழ்வாண்டு என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தை பிழைத்தால் அறுபது எழுபது வருடம் வாழுமே, ஒரு உயிருக்கு ஆன செலவை அறுபதால் வகுத்தால் போதாதா என்று கேட்பார்கள். பொருளாதாரக் கணக்கில் எதிர்காலத்தில் வரும் ஒவ்வொரு வருடத்தின் மதிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள், வழக்கமாக வருடத்துக்கு 3 சதவீதம். அப்படிக் கழித்தால் ஒரு முழு ஆயுள் கணக்கில் முப்பது வருடத்துக்கும் கீழே வந்து நிற்கும். ஆகவே மேலே சொன்ன தொகைகள் ஏற்கெனவே கடுமையாகப் பார்த்துச் சொன்னவை. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சேவை விலை அதிகம் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் வாதாடியபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அடுத்தது ஜார்க்கண்டும் ஒடிசாவும். ஏக்ஜுட் என்ற அமைப்பு சராய்கேலா கர்சாவான், மேற்கு சிங்பூம், கியோஞ்சர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 2005 முதல் 2008 வரை நடத்தியது. பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி, அப்போது பெரும்பாலான பிரசவம் வீட்டில்தான். மூன்று வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் சிசு இறப்பு, அதாவது பிறந்த 28 நாளுக்குள் இறப்பது, 32 சதவீதம் குறைவு. இரண்டாம், மூன்றாம் வருடங்களை மட்டும் எடுத்தால் 45 சதவீதம் குறைவு. முதல் வருடத்தில் பலன் சரியாகத் தெரியாது, சுற்று முடியாமல் தெரியவும் முடியாது. புதிதாகக் கர்ப்பமானவர்களில் கூட்டத்துக்கு வந்தவர்கள் முதல் வருடம் 18 சதவீதம், மூன்றாம் வருடம் 55 சதவீதம். நம்பிக்கை வளர இவ்வளவு நாளாகிறது. ஒரு வருடத்துக்கு மட்டும் நிதி ஒதுக்கிவிட்டு, வருடக் கடைசியில் பலன் எங்கே என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அங்கே விலை எவ்வளவு தெரியுமா? காப்பாற்றிய ஒரு சிசுவுக்கு 910 டாலர், ஒரு வாழ்வாண்டுக்கு 33 டாலர். சுகாதாரச் சேவை மேம்பாட்டையும் சேர்த்தால் முறையே 1,308 டாலரும் 48 டாலரும். நேபாளத்தின் 211ஐப் பார்த்த கண்ணுக்கு இது நம்ப முடியாத மலிவு. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யோசித்தால், ஆரம்பத்தில் இறப்பு எங்கே அதிகமோ அங்கே அதே கூட்டம் அதிகப் பேரைக் காப்பாற்றும், செலவோ ஏறக்குறைய அதேதான். வேறு வேறு ஆண்டு டாலர், வேறு வேறு கணக்குமுறை என்பதால் 33ஐயும் 211ஐயும் பக்கத்தில் வைத்து இது ஆறு மடங்கு மேல் என்று சொல்வதும் சரியில்லை. இரண்டுமே மலிவு என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும். ஏக்ஜுட் கணக்கில் என்னை இன்னும் நெகிழ வைத்தது வேறு ஒன்று. நிலமும் படிப்பும் இல்லாத, மிகவும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் இரண்டாம், மூன்றாம் வருடங்களில் குறைவு 59 சதவீதம், மற்றவர்களிடம் 36. சுகாதாரத்தில் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் வசதியுள்ளவர்களுக்குத்தான் போய்ச் சேரும் என்று பழகிப்போன நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! மூன்றாம் வருடத்தில் தாய்மார்களிடம் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இதற்கெல்லாம் 33 டாலர் கணக்கில் இடமே இல்லை, அது இலவசமாகக் கூட வந்தது.

இனி வங்கதேசம். இந்த விமர்சனத்தின் நடுப்புள்ளியே இதுதான்.

போக்ரா, ஃபரித்பூர், மௌல்விபஜார் என்று மூன்று மாவட்டம். அதே முறை, அதே நான்கு கட்டம். 2010இல் முடிவு வந்தது, சிசு இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இது நேபாளத்தில் மட்டும் வேலை செய்கிற சமாச்சாரம், மக்களின் பண்பாடு வேறு, என்று அப்போது பலரும் பேசியிருப்பார்கள். ஆனால் குழுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். மக்வான்பூரில் சுமார் 750 பேருக்கு ஒரு குழு. ஏக்ஜுட்டில் 468 பேருக்கு ஒன்று. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு குழு என்றால் கர்ப்பிணியில் நூற்றுக்கு எத்தனை பேர் அங்கே நடந்து வந்து உட்காருவார்கள்? மிகச் சிலர். கூட்டம் நடந்தது, பதிவேடு நிரம்பியது, ஊருக்குப் பேச்சு பரவவில்லை.

நல்லவேளையாக அதை நடத்தியவர்கள் விட்டுவிடவில்லை. அதே மாவட்டங்களில் குழுக்களைப் பெருக்கினார்கள், 309 பேருக்கு ஒன்று. 2013இல் வந்த முடிவில் சிசு இறப்பு குழு இல்லாத பக்கம் ஆயிரத்துக்கு 30.1, குழு நடந்த பக்கம் 21.3, மற்ற வேறுபாடுகளைச் சரிசெய்த கணக்கில் 38 சதவீதம் குறைவு. செலவு ஒரு வாழ்வாண்டுக்கு 220 முதல் 393 டாலர். இங்கேதான் பணம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். முதல் முறை தலைக்கு ஆன செலவு குறைவு, இரண்டாவது முறை அதிகம். ஆனால் முதல் முறையில் ஒரு உயிருக்கு ஆன செலவு என்ன? உயிர் தப்பவே இல்லை என்றால் எந்த எண்ணால் வகுப்பது? மலிவான திட்டம்தான் மிக அதிக விலைக்குப் போனது.

ஏழு சோதனைகளைச் சேர்த்து 2013இல் செய்த தொகுப்பாய்விலும் இதேதான். கிட்டத்தட்ட 1,19,000 பிறப்புகள். எல்லாவற்றையும் கலந்தால் சிசு இறப்பு 23 சதவீதம் குறைவு, தாய்மார் இறப்பு 37 சதவீதம் குறைவு. கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் பங்கெடுத்த இடங்களை மட்டும் எடுத்தால் சிசு இறப்பு 33 சதவீதமும் தாய்மார் இறப்பு 55 சதவீதமும் குறைவு. முப்பது சதவீதம் என்ற அந்தக் கோட்டை நான் இந்தச் சேவையின் குறைந்தபட்ச விலையாகவே பார்க்கிறேன், அதற்குக் கீழே பேரம் பேசினால் கடைக்காரர் பையில் ஒன்றும் போட மாட்டார். 2014இல் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

இப்போது என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு எழுதிய திட்டத்தில் இரண்டாம் வருட நடுவில் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து வந்தது. கூட்டம் நடத்தும் பெண்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, மீதியுள்ளவர்களுக்கு இரண்டு மடங்கு ஊரைக் கொடுத்தார்கள். அந்தத் தாளைத் தயாரித்தது நான்தான். ஒரு கூட்டத்துக்கு ஆகும் செலவு என்ற கட்டத்தில் எண் அழகாக இறங்கியது, அதற்காக எங்களைப் பாராட்டவும் செய்தார்கள். கூட்டங்கள் மாதத்துக்கு ஒன்று என்பது இரண்டு மாதத்துக்கு ஒன்றானது, நடத்தும் பெண் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கதையைச் சுருக்கி, ஏன் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு, இதைச் செய்யுங்கள் அதைச் செய்யாதீர்கள் என்று அட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு அன்றைக்கு இன்னும் ஒரு ஊர் பாக்கி இருந்தது. சில மாதத்தில் வருகைப் பதிவேட்டில் கர்ப்பிணிகளின் கையெழுத்து காணாமல் போய், எப்போதும் வரும் அதே நான்கைந்து பேரின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப இருந்தது. அவசர நிதிக்குப் பணம் போடுவதும் நின்றுபோனது. என் தாளில் இது எதற்கும் கட்டம் இல்லை. கூட்டத்துக்கு எவ்வளவு செலவு என்று கேட்டார்கள், கர்ப்பிணிகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கவே இல்லை, நானும் அந்தக் கேள்வியை எழுதிச் சேர்க்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

குறைகள் வேறு என்ன? முதல் குறை, கணக்கில் பெண்களின் நேரத்துக்கு விலை வைப்பது அபூர்வம். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்றால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது சும்மா கிடைத்த நேரம் கிடையாது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கும் அப்படித்தான். அறுவடைக் காலத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று எழுதுவதில் அர்த்தமில்லை. நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் இது தகும் என்பதே என் எண்ணம், ஆனால் சேர்த்துப் பார்க்க வேண்டும், அது அவர்கள் போடும் முதலீடு.

இரண்டாவது, எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. மும்பையில் 48 குடிசைப் பகுதிகளை எடுத்து, பாதியில் இதேபோலக் குழுக்களை நடத்திப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு: சிசு இறப்பு குறையவில்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அங்கே பெரும்பாலான பிரசவங்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில்தான் நடந்தன. தொப்புள்கொடியை எதைக் கொண்டு வெட்டுவது, குழந்தையை உடனே துடைத்துப் போர்த்துவது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, இவைதான் ஜார்க்கண்ட் போன்ற இடங்களில் பெரிய பலனைக் கொண்டுவந்தவை. பிரசவமே ஆஸ்பத்திரிக்குள் நடந்தால் இதில் பாதி முடிவுகள் அந்தப் பெண்களின் கையில் இல்லை, அங்குள்ளவர்களின் கையில் இருக்கின்றன. அடிக்கடி வீடு மாறும் மக்கள் என்றால் ஒரு சுற்று முடிவதற்குள் குழுவே மாறிப்போகும். ஆகவே நகரத்தில் இதே பெட்டியை அப்படியே பிரித்து வைக்காதீர்கள், அங்கே அதே காசை ஆஸ்பத்திரிக்குள் கவனிப்பைச் சரிசெய்யப் போடுவது மேல்.

மூன்றாவது, ரத்தப்போக்கு நிற்காத தாயைக் குழு காப்பாற்றாது. ஆஸ்பத்திரி வாசல்வரை சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், உள்ளே ரத்தமும் மருத்துவரும் இருக்க வேண்டும். குழு நடத்துகிறோம் அல்லவா, ஆம்புலன்ஸுக்கு ஏன் தனியாக நிதி என்று கேட்கிற நிர்வாகிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டாதீர்கள்.

நடத்துபவர் யாராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு வெகுநாளாகத் தெளிவு இல்லாமல் இருந்தது. மக்வான்பூரில் உள்ளூரிலேயே எடுத்து, பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து வைத்தார்கள். இதை அரசுத் திட்டமாக்கினால் அவ்வளவு பேருக்குத் தனிச் சம்பளம் எங்கே போவது? ஊருக்கு ஊர் அரசின் சுகாதாரத் தொண்டர்களாக ஏற்கெனவே இருக்கும் ஆஷா பணியாளர்களிடம் கொடுத்தால் வேலைச் சுமையில் அமுங்கிப்போகாதா? இதற்கும் பதில் வந்துவிட்டது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஐந்து மாவட்டங்களில் ஆஷா பணியாளர்களே கூட்டம் நடத்த, அதற்கெனத் தனி ஊக்கத்தொகையும் நல்ல மேற்பார்வையும் கொடுத்து சோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவு, சிசு இறப்பு குழு இல்லாத பக்கம் ஆயிரத்துக்கு 44, குழு நடந்த பக்கம் 30. அதன் பிறகு ஜார்க்கண்ட் அரசு மாநிலம் முழுக்கப் பரப்பியது, 24 மாவட்டங்களில் 20இல். 2021இல் வந்த மதிப்பீட்டில் சிசு இறப்பு 24 சதவீதம் குறைவு, 42 மாதத்தில் சுமார் 11,800 சிசுக்கள் பிழைத்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். இந்தக் கடைசி எண்ணின் கீழ் எல்லை ஆயிரத்துச் சொச்சம், மேல் எல்லை இருபதாயிரத்துக்கும் மேல், ஆகவே அதை ஒரு திசைகாட்டும் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 24 சதவீதம் என்பது முதல் சோதனையின் 32ஐவிடக் குறைவுதான். ஆனால் ஆராய்ச்சிக் குழு கூடவே நின்று நடத்துவதும் ஒரு மாநில அரசு தன் ஆட்களை வைத்து நடத்துவதும் ஒன்றா? இவ்வளவு பெரிதாக்கிய பிறகும் முக்கால்வாசிப் பலன் கூடவே வந்திருக்கிறது, பெரிதாக்கும்போது கரைந்துபோகும் எத்தனையோ திட்டங்களின் கோப்புகளைத் தூசி தட்டியவள் என்ற முறையில் இது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

ஆக, பணம் ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் கேட்கச் சொல்வது: எத்தனை பேருக்கு ஒரு குழு? ஐந்நூறைத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள், ஆயிரத்தைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடத்தும் பெண்ணுக்குக் கொடுப்பது அவருடைய பஸ் செலவுக்காவது போதுமா, மாதத்தில் எத்தனை கூட்டம் அவர் தலையில் இருக்கிறது, அவரோடு கூடப் போய் உட்கார்ந்து பார்க்க ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறாரா? குறைந்தது மூன்று வருடத்துக்கு நிதி உறுதியா? இறப்பு அதிகமாக உள்ள, வீட்டுப் பிரசவம் இன்னும் நடக்கும் பகுதியைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்களா, அல்லது போய்வர வசதியான, சாலை ஓரத்து ஊர்களையா? அப்புறம், அவர்கள் அனுப்பும் அறிக்கையில் எத்தனை கூட்டம் நடந்தது என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அந்த மாதம் ஊரில் எத்தனை கர்ப்பிணிகள், அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற இரண்டு கட்டங்களை நீங்களே கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருவார்கள். நான் எழுதிய தாளில் அந்த இரண்டு கட்டங்களும் இல்லை.